லாரித் தண்ணீர்

செம்மாண்டம்புதூர், திருப்பூர்
11.1.2004, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் கவியும் சுகம். உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது? ராய்ப்பூர்ப் பக்கம் தை மாதக் குளிர் எலும்பைக் கடிக்கும் என்று போன வருடம் சொன்னீர்கள். என் பனியன் கம்பெனியில் தையல் பிசகிப்போன இரண்டு ஸ்வெட்டர் கொடுத்துவிட்டேனே, அதைப் பெட்டியில் மடித்து வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். போர் போடும் ரிக் வண்டி கிரீஸ் பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும்.

வியாழக்கிழமை காலையில் வீட்டுக்குள் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். நான் வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் சமையல்கட்டு முழுக்கப் புழுதி. கூரையிலிருந்து தோசைக்கல் அளவுக்குச் சிமெண்டு பெயர்ந்து நேராகக் கிரைண்டர் மேல் விழுந்திருக்கிறது. என் அப்பா சீராகக் கொடுத்த கிரைண்டர். மூடி இரண்டாகப் பிளந்துவிட்டது. இட்லி மாவு முழுக்க ஜல்லி. கவி எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, மாவுக்குள்ள ஆரு கல்லுப் போட்டா?" என்றாள்.

ஸ்டூல் போட்டு ஏறித் தொட்டுப் பார்த்தேன். உள்ளே கம்பி தெரிகிறது. வறுத்த கடலைத் தோல் மாதிரித் துரு உரிகிறது. வீட்டுக்குக் குடிவந்து நாலு வருடம்கூட முழுசாக ஆகவில்லை.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருந்த ஆள் அண்ணாந்து பார்த்தார். "மொதல்ல கொத்தனாரக் கூப்புடுங்கம்மிணி" என்று மட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காசிமாயன் அண்ணனையே கூப்பிடட்டுமா? கூரை போட்டவர் அவர்தானே.

மளிகைக் கடை போனுக்குப் பேச வேண்டாம். கடையில் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது கூரை விழுந்த கதையை எப்படிப் பேசுவது. எழுதுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
பூங்குழலி

* * *

ரிக் ஏஜென்ட் ஆபீஸ், ராய்ப்பூர்
2.2.2004

அன்பு குழலிக்கு,

உன் கடிதம் ஏஜென்ட் ஆபீசில் பத்து நாள் கிடந்து, கம்ப்ரசர் லாரி டிரைவர் பையில் நாலு நாள் கிடந்து, நேற்றுத்தான் கைக்கு வந்தது. முதுகும் இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் சண்டையில்லாமல் குடித்தனம் செய்கின்றன. நீங்கள் இருவரும் சுகம் என்று படித்ததும்தான் சோறு இறங்கியது.

கிரைண்டரோடு போயிற்றே என்று நினைத்துக்கொள். நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் உன் அப்பா தலை மேலேயே விழுந்த மாதிரி இருக்கிறது. வந்ததும் புது மூடி வாங்கித் தருகிறேன்.

இது பெரிய விஷயம் இல்லை. புது வீட்டில் ஒரு இடம் பெயரும். அரை மூட்டை சிமெண்டு, அரை நாள் வேலை. காசிமாயனைக் கூப்பிட்டு ஒட்டுப் போடச் சொல். ஆயிரத்தைந்நூறு மணியார்டர் போட்டிருக்கிறேன்.

முந்தாநாள் ஒரு கிராமத்தில் முந்நூற்றிருபது அடியில் தண்ணீர் பீறிட்டது. ஊரே கூடி வண்டிக்குக் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தது. வழக்கம்போல முதல் தண்ணீரை ஒரு கை அள்ளி நான்தான் குடித்துப் பார்த்தேன். இளநீர் தோற்கும். "மீட்டா" என்றேன், அவர்கள் பாஷையில் இனிப்பு. நிலத்துக்காரரின் சம்சாரம் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கம்பெனியில் நூறு டஜன் பனியனைச் செக்கிங் செய்து தள்ளினாலும் உனக்கு இப்படி யாராவது செய்வார்களா?

கவிக்கு ஒரு முத்தம். மழை பிடித்து வண்டி நின்றால் ஆடியில் வருவேன்.

வேலுமணி

* * *

செம்மாண்டம்புதூர்
22.2.2004, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

பணம் வந்தது. உடம்பு பரவாயில்லை. கவிக்குச் சளி இருந்தது, இப்போது விட்டுவிட்டது. உங்கள் முதுகுக்கு வேப்பெண்ணெய் தேய்க்க அங்கே ஆள் உண்டா, அல்லது அதற்கும் நான்தான் வர வேண்டுமா?

அரை மூட்டைச் சிமெண்டில் தீருகிற கதை இல்லை.

காசிமாயன் அண்ணன் போன ஞாயிறு வந்தார். சுத்தியல் பிடியால் கூரையை அடிக்கு அடி தட்டிக்கொண்டே போனார். நல்ல இடம் டங்கென்றது. கெட்ட இடம் காலி டின் மாதிரித் தொப்பென்றது. கவி அவர் பின்னாலேயே போய், "மாமா, இது டங்கு, இது தொப்பு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சமையல்கட்டு முழுவதும் தொப்பு. பெரிய அறையில் பாதி தொப்பு.

"தாயி, இதுல ஒட்டுப் போட்டா நிக்காது. உள்ள கம்பி பூராம் துருவேறி வீங்கிக் கெடக்கு. வீங்குனது வெளிய தள்ளத்தான செய்யும்" என்றார். அன்று மாலையே எங்கிருந்தோ சவுக்குக் கம்பு ஒன்பது கொண்டுவந்து கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். வாடகை கேட்டால், "பெறகு பாப்போம்" என்கிறார்.

ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வருகிறது. ஃபேன் கொக்கியும் அரித்துப்போயிருக்கிறது என்று ஃபேனை இறக்கிவிட்டார்கள். அது மூலையில் இறக்கை விரித்துக் கிடக்கிறது. எலக்ட்ரீசியன் வந்தார், கூரைக்குள் போகும் வயர் எல்லாம் மாற்ற வேண்டுமாம். குழாய்க்காரர் வந்தார், இரும்புக் குழாயைத் திருகினார், திருகு கையோடு வந்துவிட்டது. வருகிற ஒவ்வொருவரும் அண்ணாந்து பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, பார்த்ததற்குக் காசு வாங்கிப் போகிறார்கள். கீழிருந்து கொத்திப் பூசினாலே பதினெட்டாயிரம் ஆகும் என்கிறார் அண்ணன். என் வாரச் சம்பளம் நானூற்று எண்பது. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் எழுநூறு.

எதனால் இப்படி ஆயிற்று என்று கேட்டேன். "உப்பு" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கவி ஒன்பது கம்புக்கும் கட்டிங் வேஸ்டில் கலர் கலராகத் துணி கட்டியிருக்கிறாள். எங்கள் கம்பெனியில் இந்த சீசனுக்கு என்னென்ன நிறம் போகிறதோ அத்தனையும் நம் வீட்டுக்குள் இருக்கிறது.

பூங்குழலி

* * *

ராய்ப்பூர்
14.3.2004

அன்பு குழலிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனதுக்குத்தான். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து ரிக்கில் கம்பி மாட்டும்போது இரண்டு தடவை கை தவறிவிட்டது. ஆபரேட்டர் திட்டினார்.

உப்பு எப்படி வரும்? நானே சொல்கிறேன். மணல். ஆற்று மணலுக்கு என்னிடம் காசு வாங்கிவிட்டு, காசிமாயன் எங்கேயோ கிடந்த உப்பு மணலைக் கொட்டிக் கலந்திருக்கிறான். நான் ஊரில் இல்லை. நீ வயிற்றில் பிள்ளையோடு இருந்தாய். கேட்க ஆள் இல்லை என்று தெரிந்துதான் செய்திருக்கிறான். தெற்கேயிருந்து பிழைக்க வந்தவனை நம்பி வீட்டைக் கொடுத்தது என் புத்திகெட்டதனம். இப்போது நாலு கம்பைக் கொண்டுவந்து நட்டுவிட்டால் நல்லவனாகிவிடுவானா? செய்த தப்பு உறுத்துகிறது, அதனால்தான் வாடகை கேட்கவில்லை.

பத்து வருடம் புழுதி தின்று கட்டிய வீடு குழலி. வெயிலில், டீசல் நாற்றத்தில், பாஷை தெரியாத ஊரில், ஒவ்வொரு அடி இறங்கும்போதும் அந்தக் கூரையைத்தான் நினைத்துக்கொள்வேன்.

பெருமாள்சாமி மச்சானுக்கு எழுதிவிட்டேன். அவர் ஹார்டுவேர் கடைக்கு வராத மேஸ்திரி கிடையாது. என்ன செய்ய வேண்டுமோ அவர் செய்வார்.

நீயும் கவியும் சமையல்கட்டில் அதிக நேரம் நிற்க வேண்டாம். அடுப்பை வாசலுக்கு எடுத்துக்கொள். இன்னும் இரண்டாயிரம் அனுப்புகிறேன்.

வேலுமணி

* * *

செம்மாண்டம்புதூர்
4.4.2004, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். வெயில் தாங்கவில்லை. ஃபேன் இல்லாத வீட்டில் கவிக்கு அட்டைப்பெட்டி மூடியால் விசிறுகிறேன். நீங்கள் இரண்டு தடவை கை தவறியது என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கம்பி ஒவ்வொன்றும் என்ன கனம் என்று எனக்குத் தெரியும். யார் மேல் கோபம் இருந்தாலும் கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மச்சான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார். காசிமாயன் அண்ணன் அவிநாசி ரோட்டில் ஒரு மாடி வீட்டு வேலையில் இருந்தார். பெருமாள்சாமி அண்ணன் அங்கே போய், சாரத்துக்குக் கீழே நின்றுகொண்டு, வீட்டுக்காரர், சித்தாள்கள், ரோட்டில் போகிறவர்கள் எல்லோரும் கேட்க, "ஏப்பா காசிமாயா, வேலுமணியூட்டு மணல் காசத் தின்னுபோட்டு உப்பு மண்ணக் கொட்டுனியாமா? பொம்பளையொருத்தி மாசமா நின்னா, அவளப் போயி ஏமாத்திருக்கறயே" என்றாராம். வீட்டுக்காரர் நல்ல மரியாதைக்காரர். "நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க" என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார்.

இதை எனக்குச் சொன்னது கருத்தம்மா. காசிமாயன் அண்ணன் சம்சாரம். எங்கள் செக்கிங் டேபிளில் என் எதிரே நிற்கிறவள். மூன்று வருடமாக ஒரே டிபன் மூடியில் குழம்பு ஊற்றிக்கொள்கிறோம். அன்று டப்பாவைத் திறக்கவே இல்லை.

"அண்ணன் பதிலுக்கு ஒண்ணும் சொல்லலீங்களா?" என்று கேட்டேன்.

"சொல்ல வேண்டியவுக சொல்லட்டும்னு சும்மா எறங்கி வந்துட்டாரு" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் பனியனைத் திருப்பித் திருப்பி ஓட்டை தேடிக்கொண்டிருந்தாள்.

தெற்கேயிருந்து பிழைக்க வந்தவன் என்று எழுதியிருக்கிறீர்கள். ராய்ப்பூர்க்காரர்களுக்கு நீங்கள் யார் மாமா?

இன்னும் எழுத இருக்கிறது. கை வரவில்லை.

பூங்குழலி

* * *

ராய்ப்பூர்
25.4.2004

அன்பு குழலிக்கு,

சுகம். நீ அட்டையால் விசிறுவதை நினைத்து இங்கே நானும் லாரிக்கு அடியில்தான் படுக்கிறேன், மேலே படுக்க மனம் வரவில்லை. கவிக்குக் கண்ணாடி வளையல் ஒரு டஜன் வாங்கியிருக்கிறேன், அளவு சரியாக இருக்குமா தெரியவில்லை. அவள் கை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஒரு நூலில் அளந்து அனுப்பு.

மச்சானும் எழுதியிருந்தார். நல்ல காரியம் செய்தார். அவனுக்காக நீ பரிந்து பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. குற்றம் இல்லாதவன் வாயை மூடிக்கொண்டு இறங்கி வருவானா? ஆடியில் வந்ததும் பஞ்சாயத்தில் வைக்கிறேன். வாங்கிய கூலியைத் திருப்பித் தரட்டும்.

உன்னைக் குறை சொல்லவில்லை. அந்த நேரத்தில் நீ கொஞ்சம் கவனித்திருக்கலாம், அவ்வளவுதான்.

வேலுமணி

* * *

செம்மாண்டம்புதூர்
9.5.2004, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம். கவிக்கு வேர்க்குரு. அவள் கை அளவு நூல் உள்ளே இருக்கிறது.

நூலோடு உங்கள் பழைய கடிதம் ஒன்றும் இருக்கிறது. பீரோவில் நீங்கள் எழுதியதையெல்லாம் அடுக்கி வைத்திருக்கிறேன். இதுதான் எப்போதும் மேலே இருக்கும், அதிகம் எடுத்துப் படிப்பது இதைத்தான். ஜெராக்ஸ் எடுக்கவில்லை. பஞ்சாயத்து வைப்பதற்கு முன் படியுங்கள்.

பூங்குழலி

(உள்ளே இருந்த கடிதம்)

துர்க், மத்தியப் பிரதேசம்
7.11.1999

அன்பு குழலிக்கு,

இங்கே நான் சுகம். அங்கே நீயும், உள்ளே இருப்பவரும் சுகமா? உதைக்கிறாரா? பெண் என்றால் கவிப்பிரியா என்று வைப்போம். வண்டியில் எல்லோருக்கும் இந்தப் பெயரைச் சொல்லிவிட்டேன், ஆகவே பெண்ணாகத்தான் பிறக்க வேண்டும்.

கம்பி கட்டியாயிற்று, அடுத்த வாரம் கான்கிரீட் என்று எழுதியிருந்தாய். காசிமாயன் நம் போர்த் தண்ணீர் ஆகாது என்கிறாராமே. கலவைக்கும், மேலே பாத்தி கட்டி இருபத்தொரு நாள் நிறுத்தவும் லாரித் தண்ணீர்தான் வேண்டுமாமே. எதற்கு? சிமெண்டுக்கு நாக்கா இருக்கிறது, உப்புக் கரிக்கிறது என்று சொல்ல? என் கையால் அறுநூறு அடி இறக்கிய போர் வாசலில் நிற்கும்போது விலைக்குத் தண்ணீர் வாங்கினால் ஊரில் என்னை என்ன சொல்வார்கள்? நம் தண்ணீரையே ஊற்றச் சொல். நான் சொன்னேன் என்று சொல்.

அந்த லாரிக் காசைத் தனியாக முடிந்து வை. பிரசவத்துக்கு உன்னை எந்த வரிசையிலும் நிற்க விட மாட்டேன். நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் போக வேண்டும். கட்டுச்சோறு விருந்து முடிந்து உன் அம்மா வீட்டுக்குப் போகும்போது அந்தக் காசு உன் கையில் இருக்க வேண்டும். கூரையைப் பற்றி யோசிக்காதே. உன்னைப் பற்றி யோசி.

உன்
வேலுமணி

* * *

செம்மாண்டம்புதூர்
13.6.2004, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

ஐந்து வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. சுகமா? ஏஜென்ட் ஆபீசுக்கு போன் போட்டேன். வண்டி எங்கோ காட்டுக்குள் இருக்கிறது, ஆட்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்றார்கள். எல்லோரும் என்றால் அதில் நீங்களும் உண்டு என்று எடுத்துக்கொண்டேன்.

உங்களைக் குத்திக்காட்ட அதை அனுப்பவில்லை. குத்த வேண்டும் என்றால் பிப்ரவரியிலேயே அனுப்பியிருப்பேன். சொல்ல வேண்டியவள் நான்தான். நான் சொல்லாமல் இருந்ததில் காசிமாயன் அண்ணன் இப்போது சோமனூரில் தறிக்குடோனுக்குப் பூச்சு வேலைக்குப் போகிறார். தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறார். கூரை போட்ட மேஸ்திரி, இன்னொருத்தரிடம் கூலிக்குச் சுவர் பூசுகிறார்.

அந்தக் கடிதத்தை அன்று அவருக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான். சிமெண்டுக்கு நாக்கா இருக்கிறது என்ற இடத்தில் நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "சிமெண்டுக்கு இல்ல தாயி. கம்பிக்கு இருக்கு" என்றார். வேலையைத் தொடங்காமல் ஒரு மணி நேரம் மணல் மேல் உட்கார்ந்திருந்தார். நான்தான் போய், "எங்கூட்டுக்காரர் சொன்னபடியே ஊத்துங்கண்ணா" என்றேன். உங்களுக்குப் பெருமை. எனக்கு உங்கள் பெருமையில் ஒரு பெருமை. அவருக்கு அன்றைக்குக் கூலி.

அப்புறம் அந்தக் காசில்தான் கவி பிறந்தாள். கொடி சுற்றியிருக்கிறது, உடனே ஆபரேஷன் என்றார்கள். முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தேன். அந்தக் காசு கையில் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதில்லை. அதனால்தான் கூரை விழுந்தபோது என்னால் உங்களை ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. கோபம் வரும்போதெல்லாம் இவள் குறுக்கே வந்து நிற்கிறாள்.

ஒன்றை நினைத்தால் மட்டும் வயிறெரிகிறது. போரில் உப்பு வந்தது உங்களாலும் இல்லை, என்னாலும் இல்லை. சாயப்பட்டறைக்காரர்கள் ஆற்றில் விட்டது அறுநூறு அடிக்குக் கீழே போய் உட்கார்ந்திருக்கிறது. அந்த முதலாளிகள் புது வீடு கட்டினால் கூரைக்கு லாரி லாரியாகப் பவானித் தண்ணீர் வருகிறது. அவர்களுக்குத் தெரியும், எது எங்கே போகும் என்று. நான் செக்கிங் செய்கிற சிவப்புப் பனியனின் சிவப்பு எங்கே வடிகிறது என்று எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

தேர்தலுக்கு ஓட்டுக் கேட்க வந்தவர்கள் கம்பும் கலர்த் துணியும் பார்த்துவிட்டு, "ஊட்டுல விசேஷமுங்களா?" என்றார்கள். ஆமாங்க, கூரை விழுகிற விசேஷம் என்றேன். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

போன வாரம் முதல் மழை. சமையல்கட்டில் மூன்று இடத்தில் சொட்டியது. கம்பு நிற்கிறது. ஒரு வரி போடுங்கள்.

பூங்குழலி

* * *

ராய்ப்பூர்
19.6.2004

அன்பு குழலிக்கு,

நீயும் கவியும் நலமாக இருக்க வேண்டும். என்னைப் பற்றி என்ன எழுதுவது. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

உன் மே மாதக் கடிதம் இருபத்திரண்டாம் தேதி கிடைத்தது. முதலில் நூலைத்தான் எடுத்துப் பார்த்தேன். வளையல் சிறியது. அப்புறம் மற்றதைப் படித்தேன். நாலு தடவை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். கிழித்தது எல்லாவற்றிலும், எனக்கு எப்படித் தெரியும், நான் கொத்தனாரா, நீ எழுதியிருக்கலாமே, அவர் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாமே என்றுதான் இருந்தது. அதெல்லாம் பொய்.

எனக்குத் தெரியும் குழலி. நம் வாசலில் போர் போட்ட அன்று முதல் தண்ணீரை அள்ளிக் குடித்தேனே, ஞாபகம் இருக்கிறதா? வாயில் பட்டதுமே உப்பு, அதற்குப் பின்னால் ஒரு கசப்பு. எத்தனை ஊரில் எத்தனை பேர் நிலத்தில் உப்பு என்றால் உப்பு என்று முகத்துக்கு நேராகச் சொன்னவன் நான். அன்று ரிக் முதலாளி பாதி ரேட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு நிற்கிறார். உன் அப்பா நிற்கிறார். நீ தேங்காயோடு நிற்கிறாய். "கொஞ்சம் உவர்ப்பு, ரெண்டு நாள் ஓட்டுனாத் தெளிஞ்சுக்கும்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு லாரிக்குப் பின்னால் போய்த் துப்பினேன். அதை யாரும் பார்க்கவில்லை. காசிமாயன் பார்த்தாரா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டக் கயிறு பிடிக்க அன்று அவரும் வந்திருந்தார்.

அவர் தண்ணீர் ஆகாது என்றபோது எனக்கு வந்தது கோபம் இல்லை, பயம். லாரித் தண்ணீர் வாங்கினால் நான் துப்பியது ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். பிரசவக் காசு என்பதும் உண்மைதான். ஆனால் அதை இரண்டாவதாகத்தான் நினைத்தேன். கடிதத்தில் எப்படி எழுதினேனோ, அப்படியே நீ நம்பினாய்.

போன வாரம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் நிலத்தில் ஐந்நூறு அடி இறக்கினோம். தண்ணீர் வந்தது. குடித்துப் பார்த்தேன். "காரா" என்றேன், உப்பு. அவர் முகம் விழுந்துவிட்டது. பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் நாலு வருடம் கழித்துக் கூரை விழுவதற்கு அன்றே முகம் விழுவது மேல் இல்லையா?

மச்சானுக்கு எழுதிவிட்டேன். எந்த இடத்தில் நின்று, யார் யார் கேட்கச் சொன்னாரோ, அதே இடத்தில் நின்று, தப்பு வேலுமணியுடையது என்று சொல்ல வேண்டும் என்று. காசிமாயனுக்கும் எழுதியிருக்கிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, மகள் நதியாதான் படித்துச் சொல்ல வேண்டும். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை வாயால் அவர் இதைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று அதற்கும் வெட்கமாக இருக்கிறது.

உன் கடிதத்தை, அதாவது என் கடிதத்தை, இதோடு திருப்பி அனுப்புகிறேன். இருந்த இடத்திலேயே வை. மேலே வைப்பதா அடியில் வைப்பதா என்பது உன் விருப்பம்.

இங்கே மழை பிடித்துவிட்டது. அடுத்த மாதம் நடுவில் வண்டி திரும்பும். நான் வரலாமா?

வேலுமணி

* * *

செம்மாண்டம்புதூர்
4.7.2004, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தைக் கம்பெனி வேனில் வைத்துப் படித்தேன், வீடு வரும்வரை பொறுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள், "ஏனுங்க்கா, ஏதாச்சும் கெட்ட சேதிங்களா?" என்றாள். இல்லை கண்ணு, நல்ல சேதிதான் என்றேன். வரலாமா என்று கேட்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? இது யார் வீடு?

பெருமாள்சாமி அண்ணன் உங்கள் கடிதத்தோடு வந்தார். "அம்மிணி, உம்புருசன் என்னென்னமோ எழுதியிருக்கறான். அந்தாளுகிட்டத் தனியாப் பாத்துச் சொல்லீட்டாப் போதாதா?" என்றார். சத்தமாகச் சொன்னதைச் சத்தமாகத்தான் திருப்பிச் சொல்லோணுமுங்க என்றேன். போனார். நானும் கூடவே போனேன். சாரத்துக்குக் கீழே நின்று பாதி முழுங்கிப் பாதி சொன்னார். மீதியை நான் சொன்னேன். தண்ணி மாத்தச் சொன்னவர் காசிமாயண்ணன், மாத்த வேண்டாம்னு சொன்னது நாங்க புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருமுங்க என்று. வீட்டுக்காரர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் அங்கே வேறு மேஸ்திரி கூரையே போட்டு முடித்துவிட்டார். போன வேலை போனதுதான் மாமா. அதைப் பூசி மறைக்க முடியாது.

காசிமாயன் அண்ணன் நேற்று வந்தார். அன்று நீங்கள் துப்பியதைப் பார்த்தாரா என்று அவரிடம் கேட்டேன். கூரையைப் பார்த்தபடி, "அத எதுக்குத் தாயி இப்ப" என்றார். பார்த்திருக்கிறார்.

சமையல்கட்டுக் கூரையை முழுவதும் உடைத்துவிட்டு இப்போதைக்குத் தகரம் போடலாம், பெரிய அறையைக் கொத்தி, கம்பி மாற்றிப் பூசினால் காப்பாற்றிவிடலாம் என்கிறார். முழுக் கூலி, கம்பு வாடகையும் சேர்த்து. பேரம் பேசவில்லை. நான் சீட்டு எடுத்துவிட்டேன். சித்தாள் ஒருத்தர் வேண்டும் என்றார். ராய்ப்பூரிலிருந்து ஒருத்தர் வருகிறார், சம்பளம் கிடையாது, முதுகு மட்டும் கொஞ்சம் வலிக்கும் என்றேன். அவர் சிரித்து நான் பார்த்து ஆறு மாதம் ஆகிறது. கருத்தம்மா இன்னும் முழுசாகப் பேசவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை என் டப்பா மூடியில் ஒரு கரண்டிக் கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள்.

ஆடியில் வீட்டு வேலை தொடங்கக் கூடாது என்கிறார் என் அம்மா. விழுகிற கூரைக்கு ஆடி என்ன, ஆவணி என்ன.

உங்கள் கடிதம் இருந்த இடத்திலேயே மேலே இருக்கிறது. அதன் மேல் இப்போது வந்த கடிதத்தை வைத்திருக்கிறேன்.

லாரித் தண்ணீருக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். இருபத்தொன்றாம் தேதி புதன்கிழமை காலையில் வருகிறது. லாரிக்காரர்களும் இப்போதெல்லாம் எங்கே பிடிக்கிறார்கள் என்று நம்ப முடிவதில்லை. முதல் கை தண்ணீரை நீங்கள்தான் குடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லும்வரை கலவைக்கு ஊற்ற மாட்டேன், காத்திருக்கிறேன் என்று காசிமாயன் அண்ணன் சொல்லச் சொன்னார்.

வளையலைப் பெரிதாக மாற்றி வாங்கி வாருங்கள்.

பூங்குழலி